இருவரும் ஒருவர் அல்லர்

கடன் தகவலில் பிழை இருக்கிறது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், முப்பது நாட்களுக்குள் அதைத் திருத்தி அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதில் இருபத்தொரு நாள் வங்கிக்கு, மீதி கடன் தகவல் நிறுவனத்துக்கு. தவறினால், தவறிய ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் இழப்பீடு. இது ரிசர்வ் வங்கியின் விதி. நல்ல விதி. பணிக்காலம் முழுவதும் நான் மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் இப்படிப்பட்ட விதிகளுக்கு வரைவு எழுதினேன். அவை இன்ன நேர்வில் ஏன் பொருந்தா என்று விண்ணப்பித்தவர்களுக்குப் பதிலும் எழுதினேன். இரண்டு வேலையையும் ஒரே மேசையில் செய்தவன் என்பதால், ஒரு விதி நன்றாக எழுதப்பட்டிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். அது நடக்காது என்பதும் அநேகமாகத் தெரிந்துவிடும்.

பிழை என் மகனுடைய கடன் தகவலில் இருந்தது. அவனுக்கு இருபத்துநான்கு வயது. நிலத்தடி நீர் ஏன் கீழே போய்க்கொண்டே இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறான். அதற்காக அரசு அவனுக்கு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது, தருகிற மாதங்களில். நான், என் மனைவி, அவன் மூவரும் டெல்லி முனிர்காவில் ஓர் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு அறைகள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்பது மட்டுமல்ல, உப்பு போட்டார்களா என்பதும் தெரியும். நான் பிறந்தது கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில். பணி ஓய்வு பெற்றது சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில். குழாய் ஒழுகினால் புகார் எழுதிப் போடுவேன், ஆள் வருவான், குழாய் ஒழுகுவதைப் பார்த்துவிட்டுப் போவான். அந்தப் பாதுகாப்பில் அறுபது வருடம் போயிற்று. சொந்த வீடு என்று ஒன்று இருப்பது ஓய்வு பெற்ற மறுமாதம்தான் எனக்குத் தெரியவந்தது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசைக்கு நடுவில் மகன் சொன்னான்.

"அப்பா, மயூர் விஹார் பக்கம் ஒரு ஃப்ளாட் பாத்தேன். சின்னது."

"எவ்வளவு வாடகை?"

"வாடகைக்கு இல்ல. வாங்க."

மாணவன் வீடு வாங்கக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. எனக்கே அது சற்று ஏமாற்றமாக இருந்தது.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஐயா, கல்யாணத்துக்கு முன்னாலயே வீடா? எந்தப் புள்ளையாவது கேட்டிருக்காளா?"

"யாரும் கேக்கலம்மா. கதவு சாத்துற மாதிரி ஒரு ரூம் வேணும். அவ்வளவுதான்."

"இங்கே கதவு இல்லையா?" என்றேன்.

"இருக்குப்பா. அதுக்குப் பக்கத்துல நீங்க இருக்கீங்க."

இதில் மறுக்க ஒன்றுமில்லை. அவன் மேசை கூடத்தில் இருந்தது. கூடத்தில் நானும் இருந்தேன். அவன் மேற்பார்வையாளரோடு பேசும்போது நான் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பேன். குறைத்துவிட்டு அவன் பேசுவதைக் கேட்பேன். பேசி முடித்ததும், அந்த மனிதருக்கு எப்படிக் கடிதம் எழுதினால் கையெழுத்துப் போடுவார் என்று யோசனை சொல்வேன். எந்த வாலிபனும் வீடு வாங்க ஆசைப்படுவான்.

வீட்டைப் போய்ப் பார்த்தேன். டெல்லியில் ஜனதா ஃப்ளாட் என்பார்கள்: ஓர் அறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டிய சமையலறை, கம்பி அடைத்த பால்கனி. மூன்றாம் மாடி. விற்கிறவர் ஓய்வு பெற்ற நர்ஸ், கட்வால் மலைக்காரர், கணவர் இல்லை; டேராடூனில் மகளோடு போய் இருக்கப் போகிறார். வீடு பார்க்க வந்த எல்லோரும் விலையைக் கேட்டார்களாம். இவன் மட்டும் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எந்தக் குழாயிலிருந்து என்று கேட்டிருக்கிறான். அதனால் அவருக்கு இவனைப் பிடித்துப்போயிற்று. ப்ராப்பர்ட்டி டீலருக்கு அதனாலேயே இவனைப் பிடிக்கவில்லை.

"பேட்டா, கர்மாஸ் தொடங்குவதற்கு முன் ரிஜிஸ்ட்ரி முடித்துவிடு" என்றார் அந்த அம்மாள். வடக்கே டிசம்பர் நடுவிலிருந்து சங்கராந்தி வரை கர்மாஸ். நல்ல காரியம் எதுவும் செய்ய மாட்டார்கள். நம் மார்கழிதான், ஆனால் கோலமும் பொங்கலும் இல்லாத மார்கழி. அதற்குள் முடிப்பதாக ஒப்பந்தம் எழுதி, பயானா என்று சொல்லும் முன்பணத்தைக் கொடுத்தோம். அதற்கும் அதற்கு மேல் வேண்டியதில் ஒரு பங்குக்கும் என் மனைவியின் பிறந்தவீட்டு மனை விற்ற தொகை இருந்தது. மீதிக்குக் கடன். பெரிய கடனும் இல்லை.

கடன் வாங்குவதற்கு மகன் பத்தொன்பது வயதிலிருந்தே தயாராகிக்கொண்டிருந்தான். கடனே வாங்காதவனை வங்கி நம்பாது என்று எங்கோ படித்திருக்கிறான். ட்யூஷன் எடுத்த காசை வங்கியில் வைப்பாகப் போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினான். நான் கடனே வாங்காமல் இருந்து பெயர் எடுத்தவன். என் கண் முன்னால் அவன் ஒவ்வொரு மாதமும் புத்தகத்துக்கும் ரீசார்ஜுக்கும் கடன் வாங்கி, கெடுவுக்கு முன்னால் கட்டி, நல்ல பெயர் எடுத்துக்கொண்டிருந்தான். அப்படி ஐந்து வருடம்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்த பெண் அவன் பான் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். உதவித்தொகை சம்பளம் ஆகாது, ஆனாலும் சிறிய தொகை, ஸ்கோர் நன்றாக இருந்தால் மேலே அனுப்பலாம் என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தாள்.

"சார், உங்களுக்கு ஹிஸ்டரியே இல்லையே."

"அஞ்சு வருஷமா கார்டு வச்சிருக்கேன், மேடம்."

"எங்கள் திரையில் இல்லை. நீங்கள் இதுவரை கடன் வாங்கியதே இல்லை."

அந்த நேரம் பார்த்து என் செல்பேசி அடித்தது. சில மாதங்களாக அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. "வாழ்த்துகள் சார், உங்கள் சிறந்த கடன் ஒழுக்கத்தைப் பாராட்டி..." என்று ஒரு குரல். பத்து நிமிடத்தில் தனிநபர் கடன், கார் கடன், எது வேண்டுமானாலும். வாழ்நாளில் ஒரு சைக்கிளுக்குக்கூடக் கடன் வாங்காத எனக்கு இந்தப் பாராட்டு ஏன் என்று யோசித்திருக்கிறேன். நேர்மைக்குக் கடைசியில் ஒரு நாள் மரியாதை வரும் என்று நினைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்றவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

அந்தப் பெண் என் பான் எண்ணைத் தட்டினாள். அவள் முகம் மலர்ந்தது. "அங்கிள்ஜி, உங்கள் ஸ்கோர் அருமை."

மகனின் ஐந்து வருடக் கடனும் என் கணக்கில் இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. டெல்லியில் யாருக்கும் இனிஷியல் புரியாது. முன்னால் ஒரு பெயர், பின்னால் ஒரு பெயர் வேண்டும். எனவே என் காகிதங்களில் முன்னால் என் பெயர், பின்னால் என் தந்தையின் பெயர். என் மகனுக்கு எங்கள் வழக்கப்படி அவன் தாத்தாவின் பெயரை வைத்தோம். அவன் காகிதங்களில் முன்னால் தாத்தா பெயர், பின்னால் என் பெயர். அதே இரண்டு பெயர்கள், இடம் மட்டும் மாறியவை. ஒரே முகவரி. அவன் மைனராக இருந்தபோது என்னைக் காப்பாளராகக் காட்டித் தொடங்கிய கணக்கு, ஆகையால் ஒரே செல்பேசி எண். வங்கியில் ஏதோ ஒரு வருடம், ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றாக்குவது என்று ஓர் இயக்கம் நடத்தியிருக்கிறார்கள். இயந்திரம் எங்களைப் பார்த்தது, பெயரைத் திருப்பிப் போட்ட ஒரு கிழவன் என்று முடிவு செய்தது, ஒன்றாக்கிவிட்டது. வாரிசுரிமைச் சட்டப்படி தந்தையின் சொத்து மகனுக்கு வரும். மகன் சேர்த்தது தந்தைக்கு வந்து சேர்ந்த இந்த ஏற்பாட்டுக்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

புகார் எழுதினோம். நான்தான் எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. வங்கிக் கிளை அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியது. தலைமை அலுவலகம், கடன் தகவல் நிறுவனத்தில் முறையிடுக என்றது. நிறுவனம், வங்கி தருவதைத்தான் நாங்கள் காட்டுகிறோம், வங்கியைக் கேட்க என்றது. மகன் இணையத்தில் முறையிடப் போனால் ஓ.டி.பி. என் செல்பேசிக்கு வந்தது. நான் படித்துச் சொன்னேன்; அவன் தட்டினான்; 'வணக்கம்' என்று என் பெயரைச் சொல்லித் திரை வரவேற்றது. என் கோப்பில் அவனுக்கு முறையிட உரிமை இல்லை. அவனுக்குக் கோப்பே இல்லை.

சரி, கோப்புக்கு உரியவன் நான், நானே முறையிடுகிறேன் என்று, 'இந்தக் கார்டு என்னுடையதன்று' என எழுதினேன். இதற்கு மட்டும் மறுநாளே பதில் வந்தது. உங்கள் பெயரில் உங்களுக்குத் தெரியாமல் யாரோ கார்டு பயன்படுத்துவதாகத் தெரிவித்துள்ளீர்கள். மோசடிப் பிரிவு அதை முடக்கி விசாரிக்கும். உங்கள் முகவரியிலேயே வசிக்கும் அந்த நபர் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகலை இணைக்கவும்.

அந்த நபர் அப்போது கூடத்தில் மோர் குடித்துக்கொண்டிருந்தான்.

"என்மேல எஃப்.ஐ.ஆர். போடப் போறீங்களாப்பா?"

"யோசிக்கிறேன்."

"போட்டுடுங்க. ஜெயில்லயாச்சும் தனி ரூம் கிடைக்கும்."

முறையீட்டைத் திரும்பப் பெற்றேன். திரும்பப் பெற்றதும், வாடிக்கையாளர் திருப்தி அடைந்தார் என்று குறித்துக் கோப்பை மூடிவிட்டார்கள். மூடிய கோப்பைத் திறக்க மேல்முறையீடு. அதற்கு வேறு படிவம். கூட்டாகக் கடன் கேட்டும் பார்த்தோம். விண்ணப்பதாரரும் துணை விண்ணப்பதாரரும் ஒரே நபராக இருக்கக் கூடாது என்று திரை மறுத்தது. நான் மட்டும் வாங்கலாமா என்றால், எழுபது வயதுக்குள் அடைத்துவிட வேண்டும். மாதத் தவணை என் ஓய்வூதியத்தைவிடப் பெரிதாக வந்தது. என் கணக்கையே மூடிவிடலாமா என்று கேட்டேன். மூடலாம், கூடவே கார்டும் அதன் ஐந்து வருடமும் போய்விடும் என்றாள் அந்தப் பெண். நான் போனாலும் அவன் வர முடியாது.

இத்தனை கதவுகளும் எனக்குத் தெரிந்தவை. எந்தக் கதவு எந்த அறைக்குப் போகும் என்று படம் போட்டுக் காட்டுவேன். எல்லாக் கதவும் நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் அறைக்கே திறந்தன. நடைமுறை தெரியாதவனாக இருந்திருந்தால் எங்காவது ஒரு வாசல் இருக்கும் என்ற நம்பிக்கையாவது மிஞ்சியிருக்கும்.

நாங்கள் இருவர் என்று பிரமாணப் பத்திரம் கொடுங்கள், அனுப்பிப் பார்க்கிறேன் என்று கடைசியில் அந்தப் பெண் இரங்கினாள். மகனை அழைத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்துக்குப் போனேன். தகரக் கூரைக்குக் கீழே நோட்டரியும் பக்கத்தில் டைப்பிஸ்டும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பெயர்களையும் பார்த்ததும் நோட்டரிக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அச்சா, மத்ராஸி கேஸ். இரண்டு பெயரும் ஒரே ஆள். ஃபார்மட் இருக்கிறது, அஞ்சு நிமிஷம்."

"இல்லை. இருவரும் ஒருவர் அல்லர்."

"ஒருவர்தான் என்றுதானே எல்லோரும் கேட்பார்கள்?"

"எனக்கு இல்லை என்று வேண்டும்."

அவர் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "பார்த்தாலே தெரிகிறதே, பாய் சாஹிப். இதற்கு எதற்கு அஃபிடவிட்?"

"பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை."

தம் சர்வீஸில் இப்படி ஒன்று எழுதியதில்லை என்றார். நானே வாசகம் சொன்னேன். டைப்பிஸ்ட் என் வாயைப் பார்க்காமல் தட்டினார். நோட்டரி முத்திரையைத் தூக்கியபோது மகன் கையை நீட்டித் தடுத்தான். டைப்பிஸ்டின் விரல்கள் எத்தனை வருடமாகவோ பழகிய வழியில் போயிருந்தன. கீழ்க்கண்ட இருவரும் ஒருவரே என்று பிரமாணம் செய்கிறேன் என அழகாக அடித்து வைத்திருந்தார். புதிதாக அடித்தோம். அனுப்பினோம். முப்பது நாள் போயிற்று. நினைவூட்டல் எழுதினேன். அது போய்ச் சேர்ந்ததாக ஒரு செய்தி வந்தது.

கர்மாஸ் நெருங்கியது. மகன் மயூர் விஹாருக்குப் போய் அந்த அம்மாளிடம் நேராகச் சொன்னான். அவர் சிரித்தாராம். "உன் பெயரில் உன் அப்பா உட்கார்ந்திருக்கிறாரா? என் வீட்டுக்காரர் பென்ஷனில் அவர் தம்பி உட்கார்ந்திருந்தார், மூன்று வருஷம்." டீலர் வேறு ஆள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஆனால் கர்மாஸில் அந்த ஆளும் வாங்க மாட்டான். ஆகவே சங்கராந்தி வரை அவகாசம் தருகிறேன் என்றார் அந்த அம்மாள். கெட்ட மாதம் ஒன்று எங்களுக்கு நல்லது செய்தது அதுதான் முதல் முறை.

அந்த மாதம் அவன் அளவு டேப்போடு போய் ஜன்னலை அளந்து வந்தான். மேசை ஜன்னலை ஒட்டியா, சுவரை ஒட்டியா என்று தாளில் வரைந்துகொண்டிருந்தான். நான் எட்டிப் பார்த்தால் தாளைத் திருப்பிவிடுவான்.

இதற்கிடையில் ஒரு சிறிய வீட்டுக்கடன் கம்பெனி, ஸ்கோரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கோப்பைக் கையால் பார்க்கிறோம் என்றது. வட்டி கூடுதல். காகிதம் எல்லாம் சரி, வீட்டுக்கு வந்து ஒரு விசாரணை மட்டும் பாக்கி. ஆள் வந்த நாளில் நான் வங்கியில் இருந்தேன், மகன் பல்கலைக்கழக வளாகத்தில். மாலையில் என் மனைவி அதைச் சிரிப்புச் சேதியாகத்தான் சொன்னாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவி தன் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். அவள் வளர்ந்த திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்தில் அது மரியாதை. டெல்லியில் நாற்பது வருடம் இருந்தும் அது போகவில்லை. மாமனார் பெயரைத்தான் மகனுக்கு வைத்தோம் என்பதால், பெற்ற நாள் முதல் அவனை 'ஐயா' என்றே கூப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் எழுதிக் காட்டுவாள்.

"ஹெல்மெட்டு போட்ட மனுஷன் ஒருத்தரு வந்தாரு. விண்ணப்பம் போட்டவரு பேரு என்னன்னு கேட்டாரு. பேரு நான் சொல்ல மாட்டேன், அவன் வந்தா கேட்டுக்கிடுங்கன்னேன்."

"எழுதிக் காட்ட வேண்டியதுதானே?"

"எழுதித் தாரேன்னேன், அது வேண்டாம், வாயாலதான் சொல்லணும்னாரு. ஏன் சொல்ல மாட்டீங்கன்னாரு. சசுர்ஜி கா நாம் ஹை, மாமனாரு பேரு, அதான்னேன்."

"சரி."

"அந்த சசுர்ஜி எங்கன்னாரு. குஸர் கயே, போயிச் சேந்து இருவது வருஷம் ஆச்சுன்னேன். பாவம், ரொம்ப வருத்தப்பட்டாரு. தண்ணி குடுத்து அனுப்பி வச்சேன்."

நான் சிரித்தேன். மகனும் சிரித்தான். பிறகு ஒரே நேரத்தில் இருவரும் நிறுத்தினோம்.

கம்பெனி அலுவலர் அறிக்கையைத் தொலைபேசியில் எனக்குப் படித்துக் காட்டினார். விண்ணப்பதாரர், வீட்டில் இருக்கும் பெண்மணியின் மாமனார். காலமாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன. விசாரணை முடிவு: எதிர்மறை.

ஒரு கோப்பில் என் மகன் நானாக இருந்தான். இன்னொன்றில் என் அப்பாவாக இருந்தான், அதுவும் உயிரோடு இல்லை. அவனாக அவன் இருந்த கோப்பு எங்கும் கிடையாது.

விளக்கம் கேட்டார்கள். விளக்கம் எழுதுவது என் தொழில். மாமனார் இறந்தது உண்மை, விண்ணப்பதாரர் அவர் அல்லர் என்று எழுதி, ஆதாரமாக என் தந்தையின் இறப்புச் சான்றிதழை இணைக்க எடுத்தேன். எடுத்ததைத் திரும்ப வைத்தேன். அதை இணைத்தால் என் மகனுடைய கோப்பில் அவன் பெயரில் ஓர் இறப்புச் சான்றிதழ் ஏறும். இணைக்காவிட்டால் ஆதாரம் இணைக்கப்படவில்லை என்று விளக்கம் திரும்பி வரும். அந்த மேசைக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தால், நானும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்மேல் திரும்பினாள்.

"நான் ஒரு வார்த்த சொல்லாததுதான் தப்பாப் போச்சு. நீங்க இம்புட்டு எழுதுதீயளே, என்ன ஆச்சு? நீங்க எழுதுத எழுத்துக்கு அவன் கெழவனாகி இங்கனயே கெடப்பான். ஒங்களுக்கு அதானே வேணும்?"

மகன் கூடத்தில் இருந்தான். தலையை நிமிர்த்தவில்லை, ஆனால் தட்டுவதை நிறுத்தியிருந்தான். பதிலுக்குக் காத்திருக்கிறான் என்று தெரிந்தது. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினேன்.

விளக்கத்தைச் சான்றிதழ் இல்லாமலே அனுப்பினேன். திரும்பி வந்தது. வேறொருவரை விசாரணைக்கு அனுப்பக் கேட்டேன். மறுவிசாரணைக்கு மேலிட ஒப்புதல் வேண்டும் என்றார்கள். வங்கிக்கு இன்னொரு நினைவூட்டல், அதன் குறைதீர் அலுவலருக்கு ஒன்று, அவருக்கும் மேலே இருப்பவருக்கு ஒன்று. மார்கழிப் பனியில் முனிர்கா சந்துகளில் எதிரே வருபவர் தெரியாது. ஸ்கேன் கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

சங்கராந்தியன்று காலையில் அந்த அம்மாள் மகனை வரச் சொன்னார். எங்கள் வீட்டில் பொங்கல் பானை அடுப்பில் இருந்தது. "வந்து சாப்பிடுதேம்மா" என்று அவளுடைய தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனான். அவளைச் சமாதானப்படுத்த வேண்டுமென்றால் அப்படிப் பேசுவான்.

மதியம் திரும்பினான், கையில் ஒரு டப்பாவோடு. கர்மாஸ் முடிவதற்காகவே காத்திருந்த அந்த வேறு ஆள் கையில் ரொக்கத்தோடு காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டானாம். அம்மாளின் மகள் டேராடூனிலிருந்து போன் மேல் போன். பயானா எங்களுக்குத் திரும்ப வர வேண்டியதில்லை, ஒப்பந்தம் அப்படித்தான். அவர் டீலரின் முறைப்பைப் பொருட்படுத்தாமல் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூடவே சங்கராந்திக் கிச்சடியும்.

"அவங்க அழுதாங்கப்பா" என்றான். "நான்தான் சமாதானம் சொன்னேன்."

மனைவி டப்பாவைத் திறந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "உளுந்து போட்டிருக்கா" என்றாள்.

நான் எழுதிவைத்திருந்த அடுத்த நினைவூட்டலை எடுத்து, தேதியைச் சரிபார்க்கத் தொடங்கினேன். மகன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ரெஹ்னே தோ, விட்டுடுங்கப்பா. இனிமே ஒண்ணும் எழுதாதீங்க."

"பிழை அப்படியேதானே இருக்கிறது?"

"பிழை உங்களுக்கு. எனக்கு வீடு."

மாசி மாதத்தில் அவன் போய்விட்டான். தூரமாக இல்லை, முனிர்காவிலேயே மூன்று சந்து தள்ளி, இன்னொரு ஆராய்ச்சி மாணவனோடு வாடகைக்கு ஓர் அறை. ஜன்னல் இல்லை. கதவு உண்டு. மேசையைத் தூக்கிக்கொண்டு போக நண்பர்கள் வந்தார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் அது மாட்டிக்கொண்டது. எந்தக் கோணத்தில் சாய்க்க வேண்டும் என்று நான் மேலிருந்து சொன்னேன். அவர்கள் வேறொரு கோணத்தில் சாய்த்து வெளியே எடுத்துவிட்டார்கள். என் மனைவி வாரத்தில் இரண்டு நாள் குழம்பு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். வாசலில் நின்று "ஐயா" என்று கூப்பிட்டால், கூட இருக்கும் பீகார்ப் பையன் அதுதான் அவன் பெயர் என்று நினைத்து அவனும் அப்படியே கூப்பிடுகிறானாம். கூடம் இப்போது பெரிதாகத் தெரிகிறது. தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

எழுதாதே என்று அவன் சொன்ன பிறகும் நான் எழுதினேன். அவனுக்குத் தெரியாமல்தான். வேறு எதுவும் செய்யத் தெரியாதவன் என்ன செய்வான்.

பதில் என் செல்பேசிக்கே வந்தது. மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் முறையீடு பரிசீலிக்கப்பட்டது. மேற்கண்ட இரு பெயர்களும் இரு வேறு நபர்களுடையவை எனக் கண்டறியப்பட்டு, அவர்களுடைய பதிவுகள் பிரிக்கப்பட்டுள்ளன. கார்டும் அதன் விவரங்களும் உரியவரின் பெயருக்கு மாற்றப்பட்டுள்ளன. இத்துடன் இம்முறையீடு முடித்துவைக்கப்படுகிறது. சுருக்கமான, குறையில்லாத வரைவு. நானாக இருந்தாலும் ஒரு சொல்லை மாற்றியிருக்க மாட்டேன்.

மூன்று சந்து நடந்து போனேன். அறை பூட்டியிருந்தது. கதவில் அவர்கள் இருவரின் பெயரும் சாக்பீஸால் எழுதியிருந்தது. அவன் பெயருக்குப் பின்னால் என் பெயர் இல்லை. பதிலை அவன் எண்ணுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினேன்.

நிதியாண்டு முடிகிற அன்று, நிலுவையில் எதுவும் இல்லை என்று காட்டுவதற்காக, தேங்கிக் கிடக்கும் கோப்புகளுக்கெல்லாம் ஒரே மூச்சில் பதில் போடுவது அலுவலகங்களின் வழக்கம். நாங்களும் அப்படித்தான் செய்வோம். பதில் வந்த தேதி மார்ச் முப்பத்தொன்று.